ஆழத்தாளுக்கு ஆதிரா கொடுத்தவை

என் சத்தம் கேட்டாலே "என்னலே இப்போ?" என்று அதட்டிக்கொண்டே சிரிக்கிற என் அக்காவுக்கு,

சுகமா என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஆனாலும் கை அப்படித்தான் எழுத வருகிறது. இங்கே மழை. ஐப்பசி பிறந்ததிலிருந்து விட்டுவிட்டுப் பெய்கிறது. வீட்டுக்குப் பின்னால் குளம் கரை முட்ட நிற்கிறது. படித்துறையில் மேல்படிகள் மட்டும்தான் வெளியே தெரிகின்றன. மற்ற வருடமாக இருந்தால் கும்பப்பூ நெல் விளைந்துவிடும் என்று எல்லாரையும் போல நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். இந்த வருடம் காலையில் எழுந்து பின்பக்க ஜன்னலைத் திறக்கவே மனசு வரவில்லை.

ஆதிரா வளர்ந்துவிட்டாள். உன் உயரம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பையை மாட்டிக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து பார்த்தால் நீ நடந்து போகிறாய். வாயும் உன் வாய்தான். "மாமா, நீங்க அடிக்க கல்யாணக் கார்டுல மாப்பிள்ளை வாறாரோ இல்லியோ, எழுத்துப்பிழை மொதல்ல வந்து நிக்கு" என்று கடைக்கே வந்து சொல்கிறாள். நாகர்கோவிலில் இத்தனை வருடம் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன், என்னை இப்படிக் கேட்க இரண்டு பேர்தான் பிறந்தீர்கள்.

நல்ல செய்தி அவ்வளவுதான் அக்கா. இனிமேல் சொல்லப்போவதை நீ எந்த முகத்தோடு கேட்பாய் என்று தெரியவில்லை. நீ போனபிறகு எங்கள் வீட்டில் வளர்கிற உன் பிள்ளை எங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள். கூட்டிக்கொண்டு போவது நீ எழுதிய புத்தகம்.

உனக்குத் தெரிந்த கதைதான். இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 'ஆழத்தாள்' என்று நீ எழுதியது வளர்கிற பிள்ளைகளுக்கான மாயக்கதை. குளத்துக்கு அடியில் ஓர் ஊர். அங்கே பெரியவராகிற ஒவ்வொரு பிள்ளையும் படித்துறையின் கடைசிப் படிக்குப் போய், தனக்குப் பிரியமான ஒன்றைத் தண்ணீருக்குள் இருக்கும் ஆழத்தாளிடம் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் அது மறந்துபோகும். கொடுக்காத பிள்ளையிடமிருந்து அவளே வந்து எடுப்பாள். அப்போது பொருளை எடுக்கமாட்டாள், ஆளை எடுப்பாள். செம்பி என்கிற பெண் தரமாட்டேன் என்று வீம்பு பிடிக்கிறாள். அவளுடைய தம்பி காணாமல் போகிறான். காணாமல் போவதற்கு உனக்குத் தம்பிதான் கிடைத்தானா என்று நான் அப்போதே கேட்டேன். கடைசியில் செம்பி தன் அம்மாவின் முகத்தைக் கொடுத்துத் தம்பியை மீட்டுக்கொண்டு படியேறி வருகிறாள். யாரை நினைத்து அழுவது என்று தெரியாததால் அவள் அழவில்லை என்று முடித்தாய்.

அந்த வரியை டைப் செய்த கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டேன், "இது பிள்ளைகளுக்குள்ள கதையா அக்கா?" என்று.

"வளர்றதுன்னா இதுதாம்லே" என்றாய். அப்போது உன் தலையில் முடி இல்லை. நான் மேற்கொண்டு வாதம் பண்ணவில்லை.

ஆதிரா பெரியவளான பிறகு புத்தகத்தை அவள் கையில் கொடு என்று சொல்லிவிட்டுப் போனாய். இந்த ஆவணியில் வயசுக்கு வந்தாள். குவைத்திலிருந்து அத்தான் லீவில் வந்தார். தாய்மாமன் சீர் நான்தான் கொண்டுவந்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. சடங்குக்கு முந்திய நாட்களில் அவளைத் தனி அறையில் உட்கார்த்தியிருந்தார்கள் அல்லவா, அப்போதுதான் புத்தகத்தைக் கொடுத்தேன். பொழுது போகாமல் இருந்த பிள்ளை ஒரே மூச்சில் வாசித்தது.

அந்த நாட்களில்தான் ஒரு காரியம் நடந்துபோனது. அந்தச் சமயத்தில் பெண்பிள்ளை உடுத்தியிருந்த துணியை வீட்டில் வைக்கக்கூடாது, சலவைக்கார அம்மையிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் பக்கத்து முறை. என் மனைவி லதா முறையை முறையாகச் செய்தாள். அது நீ கடைசியாகத் தைத்துக் கொடுத்த பச்சைப் பாவாடை என்று வீடு நிறைய இருந்த பெண்களில் ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை.

"மாமி, எனக்க பச்சைப் பாவாடை எங்க?"

"அது குடுத்தாச்சு மக்ளே. வீட்டுல வைக்கப்பிடாது."

"அது அம்ம தச்சது."

லதாவுக்கு முகம் செத்துப்போனது. நான் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த அம்மை தலையில் கைவைத்துக்கொண்டது. "ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா தம்பி? இப்பம் பழசு ஆரு உடுக்கா? முறைக்கு வாங்குகது, குளத்துல விட்டிருகது. நேத்தைக்கே விட்டாச்சு" என்றது. திரும்பி வந்து ஆதிராவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தாள். அழவில்லை.

"அப்பம் அவ வாங்கத் தொடங்கிட்டா" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். நீயும் இப்படித்தான் முகத்தை மாற்றாமல் விளையாடுவாய்.

அத்தான் குவைத்துக்குத் திரும்பிப் போனார். புரட்டாசியில் ஒருநாள் அங்கிருந்து போன்: அவருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, கூட வேலை பார்க்கிறவர் பேசினார். வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. அன்று சாயங்காலம் அலமாரியில் இருந்த உன் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. மறுநாள் காலை அத்தானே பேசினார். வெறும் கேஸ் ட்ரபிள், டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார் என்று சிரித்தார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஆதிரா, "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பல்தேய்க்கப் போனாள்.

பிறகு ஒவ்வொன்றாகப் போனது. உன் முடி சிக்கியிருந்த சீப்பு. அளவு நாடா. நீ உடுத்தி உடுத்தி வெளுத்துப்போன நைட்டி. லதா முதலில் எலி என்றாள், அப்புறம் கள்ளன் என்றாள், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் சாமி படத்துக்கு இன்னொரு விளக்கு வைத்தாள்.

நான் கண்ணால் கண்டது ஒரு சாயங்காலம். கடையிலிருந்து சீக்கிரம் வந்தேன். ஆதிரா யூனிபார்மோடு படித்துறையில் முழங்கால் நனைய நின்றிருந்தாள். கையில் நீ கல்லூரியில் எடுத்த போட்டோ. அதை அவள் எறியவில்லை அக்கா. பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை வெளியே எடுத்தாள். போட்டோ மிதந்து வரும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

"வாங்கிட்டா" என்றாள்.

"ஆரு?"

"உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான டைப் பண்ணுனிய?"

"அது கதை மக்ளே."

"அப்பாக்கு நெஞ்சு வலிச்சது கதையா?"

"அது கேஸ் ட்ரபிள்னு டாக்டரே சொல்லியாச்சே."

"கண்ணாடியக் குடுத்த பொறவுதான மாமா கேஸ் ட்ரபிள் ஆச்சு?"

இதற்கு என்ன பதில் சொல்வாய் நீ? உன்னிடம் பதில் இருந்திருக்கும். ஈரப்பாவாடையோடு நின்ற பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

நாகர்கோவிலில் மனநல ஆலோசகர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். நல்ல மனுஷி, பொறுமையாகப் பேசினார். ஆதிராவும் கேட்டதற்கெல்லாம் சமர்த்தாகப் பதில் சொன்னாள். தாயை இழந்த துக்கம் இப்போதுதான் வெளியே வருகிறது, அவசரப்படுத்தாதீர்கள், தொடர்ந்து கூட்டிவாருங்கள் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஏத்தங்காய் வற்றல் வாங்கித் தின்றுகொண்டு பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னாள். வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது எனக்கு. அன்று சாயங்காலம் உன் செருப்பு போய்விட்டது.

இனி விட்டால் ஆகாது என்று ஒருநாள் நான் கடுமையாக இருந்தேன். உன் தையல் கத்தரியை எடுத்து ஒளித்துவைத்தேன், பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஆதிரா கதவுக்கு முன்னால் நின்று கெஞ்சினாள். நான் அசையவில்லை. அன்றைக்கு இரணியலில் கல்யாணத்துக்குப் போன லதா, திரும்பும்போது பாலத்து வளைவில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தாள். வலது கை முறிந்தது. மழைக்காலத்தில் அந்த வளைவில் விழாதவர்கள் யார்? எனக்கும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று ஆதிரா என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, அதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

நான் எதையும் நம்புகிறவன் இல்லை. கோயில் கொடை விழாவுக்குப் போனால் சாமியாடியை விட்டுவிட்டு மைக்செட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் என்று நீயே கேலி பண்ணியிருக்கிறாய். அந்த நான் மறுநாள் காலையில் கத்தரியை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். பின்கதவையும் திறந்துவிட்டேன். மத்தியானம் பார்த்தபோது கத்தரி இல்லை. நிம்மதியாக இருந்தது அக்கா. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்துகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதவே கை கூசுகிறது. போன வாரம் பேச்சுவாக்கில் கேட்டேன்: "அம்மக்க கண்ணாடி கறுப்பா, தவிட்டு நிறமா மக்ளே?"

அவள் யோசித்தாள். "அம்ம கண்ணாடி போடுவாளா மாமா?"

நடிக்கிறாளா, நிஜமாகவே மறந்துபோய்விட்டதா? அவள் கண்ணில் நான் தேடித்தேடிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. நீ என்ன நினைத்து எழுதினாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. என்னை நினைத்து என் பிள்ளை உருகக்கூடாது, மறந்துவிட்டு மேலே ஏறிப் போகட்டும் என்று எழுதினாய். பிள்ளையோ அதில் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது: கொடுக்காவிட்டால் ஆளை எடுப்பாள். ஏற்கெனவே ஒருமுறை ஆளைப் பறிகொடுத்த பிள்ளையிடம் அப்படி ஒரு வரியைச் சொல்லலாமா?

இப்போது அத்தான் வேலையை முடித்துக்கொண்டு மொத்தமாக ஊருக்கு வருகிறார். நாளை ராத்திரி குவைத்தில் ஏறினால் மறுநாள் திருவனந்தபுரத்தில் இறங்குவார். இந்தச் செய்தி வந்த நாள் முதல் ஆதிரா சரியாகச் சாப்பிடவில்லை. ப்ளேன் எவ்வளவு நேரம் கடலுக்கு மேலே பறக்கும் என்று மட்டும் கேட்டாள். நான் அத்தானிடம் எல்லாம் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு போனிலேயே அழுதார். பயணத்தைத் தள்ளிப்போடுங்களேன் என்றேன். "நான் வரலேன்னா அவ பயந்தது உண்மைன்னு ஆயிராதா மாப்பிள?" என்றார். அதுவும் சரிதானே.

இன்று காலை ஆதிரா உன் அலமாரியைத் திறந்து பார்த்தாள். காலி. அடியில் விரித்திருந்த பழைய பேப்பர்கூட இல்லை. கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று தலை பின்னிக்கொண்டே சொன்னாள்:

"மாமா, இனி குடுக்கதுக்கு ஒண்ணும் இல்ல. நாந்தான் இருக்கேன்."

ரிப்பன் எங்கே என்று கேட்கிற குரலில் சொன்னாள். லதா கட்டுப்போட்ட கையோடு வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. லதா அவளைக் குளியலறைக்குக்கூடத் தனியாக விடவில்லை. ஆனால் எத்தனை நாளைக்கு அக்கா, ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்தபடியே வைத்திருக்க முடியும்? கதவைப் பூட்டிப் பார்த்தவன் நான். பூட்டினால் இன்னும் வேகமாகப் போவாள்.

நான் கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏன் வீட்டில் இல்லாமல் கடைக்கு வந்தேன் என்று சொல்கிறேன்.

எழுத முடியாமல் உன் கை நடுங்கத் தொடங்கியபோது, அத்தியாயம் அத்தியாயமாக நீ போனில் பேசிப் பதிவுசெய்து எனக்கு அனுப்பினாய். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு டைப் செய்தேன். முடிந்ததும், "எல்லாத்தையும் அழிச்சிருலே. நான் மூச்சு வாங்குகத பிள்ளை கேக்காண்டாம்" என்றாய். சரி என்றேன். அழிக்கவில்லை. என் பழைய போனில் எல்லாம் அப்படியே இருக்கிறது. வேறு எங்கும் கிடையாது. லதாவுக்குக்கூடத் தெரியாது. கூட்டம் இல்லாத மழை மத்தியானங்களில் மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கேட்பேன். செம்பி தம்பியைத் தேடி அழுகிற இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, "லே, கரண்டு பில்லு கெட்டுனியா?" என்று கேட்கிறாய். நர்ஸிடம் சாயாவில் சீனி இல்லை என்று சண்டை போடுகிறாய். இருமுகிறாய். ஆழத்தாள் பேசும்போது உன் குரலை நீ மாற்றவே இல்லை. உன் குரலிலேயே பேசுகிறாள் அவள்.

இன்று சாயங்காலம் அந்தப் போனை ஆதிராவிடம் கொடுக்கப்போகிறேன்.

உனக்குக் கொடுத்த வாக்கு போகிறது, போகட்டும். அவள் கேட்பாள். முதலிலிருந்து கடைசிவரை, நீ மூச்சு வாங்குவது உட்பட எல்லாவற்றையும் கேட்பாள். போனைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். நாளை காலையில் எழுந்து அதைப் படித்துறைக்குக் கொண்டுபோவாள். எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கொடுக்கிறேன். கொடுப்பதற்குத் தன்னைத் தவிர ஒன்றும் இல்லை என்று நிற்கிற பிள்ளையின் கையில் வேறு ஏதாவது இருக்க வேண்டும். நீ மிச்சம் இருப்பது இந்தப் போனில் மட்டும்தான்.

பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பென்டிரைவைச் சொருகியும் விட்டேன். ஆனால் பிரதி வைத்துக்கொண்டு கொடுத்தால் ஆழத்தாள் வாங்கமாட்டாள் என்று புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறாயே பாவி, யார் உன்னை அவ்வளவு கறாராக எழுதச் சொன்னார்கள்? ஆதிரா கேட்பாள்: "வேற எங்கயும் வச்சிருக்கியளா மாமா?" என் முகத்தைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். உன்னிடம் நான் சொன்ன பொய் என்றைக்காவது நின்றிருக்கிறதா? பென்டிரைவைப் பிடுங்கிவிட்டேன்.

கொடுத்தது மறந்துபோகும் என்கிறது கதை. உன் குரல் எனக்கும் மறந்துவிடுமா? நம்புகிறவன் இல்லை என்றுதானே சொன்னேன். ஆனாலும் இதை எழுத உட்காருவதற்கு முன்னால் ஒருமுறை எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். நீ கடைசி வரியைச் சொல்லிவிட்டு, "முடிஞ்சுது மக்கா, சாப்பிட்டியா?" என்கிறாய். சாப்பிட்டேன் என்று கடையில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன்.

ஒரே ஒரு மனக்குறை உன்மேல் எனக்கு. குளத்தடியில் ஊரைப் படைத்தாய், அரசனைப் படைத்தாய், பேசுகிற மீனைப் படைத்தாய். ஒரு தாய்மாமனைப் படைக்க உனக்குத் தோன்றவில்லை. செம்பி தனியாகவே படியிறங்கிப் போகிறாள். நம் பக்கத்தில் எந்தப் பெண்பிள்ளை தாய்மாமன் இல்லாமல் பெரியவளாகியிருக்கிறாள் அக்கா?

உனக்குக் கொடுத்த ஒரு வாக்கை உடைத்தவன் இன்னொன்றைத் தருகிறேன். நாளை காலை அவளுக்கு முன்னால் நான் தண்ணீரில் இறங்குவேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அவள் நிற்கிற படிக்கு ஒரு படி கீழே, ஆழத்துக்கும் அவளுக்கும் நடுவில் நிற்பேன். போனை அவள் என் தோளைத் தாண்டித்தான் நீட்ட வேண்டும். உன் குரலை வாங்கிக்கொண்டு ஆழத்தாள் திருப்தியாகப் போனால் நல்லது. போதாது என்று கை நீட்டினால், அந்தக் கைக்கு முதலில் தட்டுப்படுவது நான்தான். ஆதிரா படியேறி வீட்டுக்கு வருவாள்.

உன் தம்பி,
அவளுடைய தாய்மாமன்.